கழிவிலிருந்து கரி, கரியிலிருந்து வினையூக்கி: எரிபொருள் கலங்களுக்கான மலிவு கார்பன் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உமி, தேங்காய் ஓடு, இறால் தோல், சோயா சக்கை, கோழி இறகு போன்றவற்றைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் கரியை எரிபொருள் கலத்தில் பிளாட்டினத்துக்குப் பதிலாக வைக்கலாம் என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. அதில் எவ்வளவு உண்மை, எங்கே மிகை, எந்த இடத்தில் இது நிஜமாகவே பயன்படும் என்று மாணவர்களும் ஆர்வலர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள். பள்ளி வேதியியல் ஓரளவு நினைவிருந்தால் போதும்.

எரிபொருள் கலத்தில் வினையூக்கிக்கு என்ன வேலை?

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும்போது வரும் ஆற்றலை, தீயாக எரிய விடாமல் நேரே மின்சாரமாக எடுப்பது எரிபொருள் கலம். 1839-ல் வில்லியம் குரோவ் இதைக் கண்டபோதே மின்வாய்களாக இருந்தது பிளாட்டினம்தான்.

ஆனோடில் ஹைட்ரஜன் எலெக்ட்ரான்களை விடுகிறது. அவை வெளிக்கம்பி வழியாகச் சுற்றி வந்து கேத்தோடில் ஆக்சிஜனோடு சேர்கின்றன. முதல் வினை பிளாட்டினத்தின் மேல் சட்டென்று நடந்துவிடும். முரண்டு பிடிப்பது இரண்டாவது வினை. ஆக்சிஜன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பு உடைய வேண்டும், நான்கு எலெக்ட்ரான்கள் வரிசையாக உள்ளே வர வேண்டும். இரண்டு எலெக்ட்ரான்களோடு நின்றுவிட்டால் நீருக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். கணக்குப்படி 1.23 வோல்ட் தர வேண்டிய கலம் நடைமுறையில் 0.6 முதல் 0.7 வோல்ட்டில் ஓடுகிறதென்றால், அந்த இழப்பில் பெரும்பங்கு கேத்தோடில் நடக்கும் இந்த ஆக்சிஜன் ஒடுக்க வினையின் மந்தத்தால் வருவது. அதனால் கலத்தில் உள்ள பிளாட்டினத்தில் பெரும்பகுதியும் கேத்தோடில்தான் இருக்கிறது. கழிவுக் கரி பற்றிய ஆய்வுகள் குறிவைப்பதும் அந்தப் பக்கத்தைத்தான்.

பிளாட்டினமே நன்றாக வேலை செய்கிறதே, பிறகு ஏன் மாற்று?

விலையும், கிடைக்கும் இடமும். உலகில் தோண்டியெடுக்கப்படும் பிளாட்டினத்தில் சுமார் 70 சதவீதம் தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. உற்பத்தி அளவு கூடக்கூட சவ்வு (இரு மின்வாய்களுக்கும் நடுவே அயனியைக் கடத்தும் மெல்லிய தாள்), தகடு போன்ற மற்ற பாகங்களின் விலை இறங்கிவிடும். பிளாட்டினம் அப்படி இறங்காது, கேட்பவர்கள் கூடினால் ஏறும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிளாட்டினக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த இலக்கு, மின்வாய்ப் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.125 மில்லிகிராம் பிளாட்டினம். ஒரு சதுர சென்டிமீட்டர் ஒரு வாட் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 100 கிலோவாட் கார் ஒன்றுக்கு 12.5 கிராம் போதும். கழிவுக் கரி போட்டியிட வேண்டியது பழைய பிளாட்டினத்தோடு அல்ல, இப்படி இளைத்துப்போன பிளாட்டினத்தோடு. இதைப் பல ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகள் வசதியாக மறந்துவிடுகின்றன.

கரி மந்தமான பொருளாயிற்றே, அது எப்படி வினையூக்கியாகும்?

சுத்தமான கிராஃபைட் மந்தம்தான். அதன் அறுகோண வலையில் வேறு அணு ஒன்று நுழையும்போதுதான் கதை மாறுகிறது. கார்பனின் எலெக்ட்ரான் கவர்தன்மை 2.55, நைட்ரஜனுடையது 3.04. வலைக்குள் உட்கார்ந்த நைட்ரஜன் பக்கத்துக் கார்பனிடமிருந்து எலெக்ட்ரானை இழுக்க, அந்தக் கார்பன் கொஞ்சம் நேர்மின்தன்மை பெறுகிறது. ஆக்சிஜன் வந்து ஒட்ட அது தோதான இடம். போரான், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவையும் வெவ்வேறு வழிகளில் அந்தச் சமநிலையைக் கலைக்கின்றன.

இந்த எண்ணம் நேற்று முளைத்ததல்ல. 1964-ல் ஜசின்ஸ்கி, கோபால்ட் தாலோசயனின் என்ற சாயம் போன்ற மூலக்கூறு காரக் கரைசலில் ஆக்சிஜனை ஒடுக்குகிறது என்று காட்டினார். உலோகத்தைச் சுற்றி நான்கு நைட்ரஜன் உள்ள அமைப்பு அது. இத்தகைய மூலக்கூறுகளைச் சுட்டால் இன்னும் உறுதியாக வேலை செய்கின்றன என்று 1970-களில் தெரிந்தது. 1989-ல் யேகரின் குழு, அந்த விலையுயர்ந்த மூலக்கூறே வேண்டாம், நைட்ரஜன் உள்ள பாலிமரையும் இரும்பு அல்லது கோபால்ட் உப்பையும் சேர்த்துச் சுட்டாலே போதும் என்று நிறுவியது. கழிவுக் கரிக்கான கதவைத் திறந்தது இதுதான் என்பேன். நைட்ரஜனும் கார்பனும் எங்கிருந்து வந்தாலும் சரி என்றாகிவிட்டால், சோயாவிலிருந்து வந்தால் என்ன?

2009-ல் லிமிங் டாய் குழு, நைட்ரஜன் கலந்த கார்பன் நானோகுழாய்கள் உலோகமே இல்லாமல் காரக் கரைசலில் பிளாட்டினத்தை முந்தின என்று அறிவித்தது. அதே ஆண்டில் டொடெலேயின் குழுவும், 2011-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜெலனாயின் குழுவும் இரும்பு-நைட்ரஜன்-கார்பன் வினையூக்கிகளை அமிலச் சூழலில் வெகுதூரம் முன்னேற்றின. உயிர்ப்பொருட்களைச் சுட்டுப் பார்க்கும் கட்டுரைகளின் வெள்ளம் அப்புறம் வந்தது.

பாலிமரைச் சுடலாம் என்றால், கழிவை ஏன் தேட வேண்டும்?

மூன்று காரணங்கள். நைட்ரஜன், கந்தகம், பாஸ்பரஸ் எல்லாம் உயிர்ப்பொருளிலேயே அணு அளவில் பரவிக் கிடக்கின்றன. நீர் கடத்தும் குழல்கள், செல் சுவர்கள் என்று இயற்கை கட்டிவைத்த துளை அமைப்பும் கூடவே வருகிறது. ஆக்சிஜன் உள்ளே போகவும் நீர் வெளியே வரவும் அது உதவும். மூன்றாவது, மூலப்பொருள் வருடாவருடம் விளைகிறது, பெரும்பாலும் எரிக்கவோ கொட்டவோதான் படுகிறது.

இதில் முதல் காரணம் வலுவானது. இரண்டாவது பாதி உண்மை, ஏனென்றால் 900 டிகிரியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு வெந்த பிறகு செடியின் அழகான குழல்கள் பல சமயம் மிஞ்சுவதில்லை. மூன்றாவதைப் பற்றிச் செலவுக் கேள்வியில் பேசுவோம்.

எந்தக் கழிவு நல்லது?

கழிவின் பெயரைப் பார்க்காமல் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் குழப்பம் குறையும்.

புரதம் நிறைந்தவை ஒரு வகை: சோயா, பட்டு, முட்டை வெண்கரு, இறகு, முடி. இறகிலும் முடியிலும் உள்ள கெரட்டினில் நைட்ரஜனோடு கந்தகமும் உண்டு. இரண்டும் ஒரே பொருளில் இலவசமாகக் கிடைப்பது வசதிதான். இந்த வகைக்கு வெளியிலிருந்து நைட்ரஜன் சேர்க்கத் தேவையில்லை.

இறால், நண்டு ஓடுகள் தனி வகை, என் பார்வையில் எல்லாவற்றிலும் சுவையானதும் இதுதான். ஓட்டில் உள்ள கைட்டினின் எடையில் ஏறக்குறைய 7 சதவீதம் நைட்ரஜன். கூடவே கால்சியம் கார்பனேட் நுண்ணிய துகள்களாகப் பின்னிக் கிடக்கிறது. சுடும்போது கார்பன் அந்தத் துகள்களைச் சுற்றி உருவாகும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் சுண்ணாம்பு கரைந்துபோய், அது இருந்த இடம் துளையாகிவிடும். துளை உண்டாக்க வேறு அச்சுப் பொருள் வாங்க வேண்டாம்.

உமியிலும் இதே வித்தை வேறு பொருளால் நடக்கிறது. உமியை எரித்தால் 15 முதல் 20 சதவீதம் சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. சூடான காரத்தில் சிலிக்காவைக் கரைத்து எடுத்தால் துளைகள் கிடைக்கும். ஆனால் உமியில் நைட்ரஜன் மிகக் குறைவு, ஆகவே யூரியா, மெலமைன் மாதிரி ஏதாவது சேர்த்தாக வேண்டும். தேங்காய் ஓடு, மரத்தூள், காகித ஆலைகளில் மிஞ்சும் லிக்னின் எல்லாம் இதே கதைதான்: கார்பன் தாராளம், நைட்ரஜன் பஞ்சம்.

இறைச்சிக்கூடங்களில் வீணாகும் இரத்தம் விசேஷமானது. ஹீமோகுளோபினில் உள்ள ஹீம் என்பதே இரும்பைச் சுற்றி நான்கு நைட்ரஜன். ஜசின்ஸ்கியின் மூலக்கூறுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் அந்த அமைப்பு அப்படியே உலையைத் தாண்டி வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சுடும்போது அது சிதைந்து, இரும்பில் ஒரு பங்கு மீண்டும் நைட்ரஜனோடு சேரும், மீதி இரும்புத் துகளாகவோ கார்பைடாகவோ திரண்டுவிடும்.

புதுப்புதுக் கழிவு தேடும் போட்டி ஒன்று நடக்கிறது. இந்த ஆண்டு ஒரு பூவிதழ், அடுத்த ஆண்டு ஒரு பழத்தோல். 900 டிகிரியைத் தாண்டி வந்த பிறகு பூவுக்கும் தோலுக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்காது.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

பொதுவான வழி இது. மூலப்பொருளைக் கழுவி, உலர்த்தி, அரைத்து, நைட்ரஜன் அல்லது ஆர்கான் ஓடும் குழாய் உலையில் 400–500 டிகிரி செல்சியஸில் முதலில் கரியாக்குவார்கள். ஹெமிசெல்லுலோஸ் 220 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்கும், செல்லுலோஸ் 315-க்கு மேல், லிக்னின் நிதானமாக 160-ல் தொடங்கி 900 வரை இழுத்தடிக்கும். இந்தக் கட்டத்தில் கிடைப்பது மின்சாரம் சரியாகக் கடத்தாத கரி.

அடுத்து, அந்தக் கரியோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடையோ துத்தநாகக் குளோரைடையோ கலந்து 700–900 டிகிரிக்குக் கொண்டுபோவார்கள். இதற்குக் கிளர்வூட்டல் என்று பெயர். ஹைட்ராக்சைடு கார்பனை அரித்து, கார்பனேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் பொட்டாசியம் உலோகமாகவும் மாறுகிறது. பொட்டாசியம் 760 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். அதன் ஆவி கார்பன் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கிவிடும். ஒரு கிராமுக்கு 2000, 3000 சதுர மீட்டர் என்று பரப்பளவு வருவது இப்படித்தான். துத்தநாகக் குளோரைடு நீரை உறிஞ்சி எடுப்பதால் கார்பன் இழப்பு குறைவு. அம்மோனியா வாயுவை விட்டால் துளையும் நைட்ரஜனும் ஒரே நேரத்தில் கிடைக்கும், ஆனால் அது நச்சு வாயு, உலையும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

கடைசியில் அமிலத்தில் கழுவி, நடுநிலையாகும் வரை நீரில் அலசி, உலர்த்துவார்கள். பல ஆய்வகங்கள் இன்னொரு முறையும் 900 டிகிரிக்குச் சூடாக்குகின்றன. கழுவும்போது மேற்பரப்பில் ஏறிய ஆக்சிஜன் குழுக்கள் போவதற்காக.

ஈரமான கழிவுக்கு வேறு பாதை உண்டு. பாசி, பழச்சக்கை மாதிரிப் பொருட்களை உலர்த்தவே நிறைய ஆற்றல் செலவாகும். அவற்றை நீரோடு சேர்த்து மூடிய அழுத்தக் கலத்தில் 180–250 டிகிரியில் வைத்தால் பழுப்பு நிற நீர்க்கரி கிடைக்கும். நிலக்கரி எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்த பெர்கியஸ் 1913-லேயே இதைச் செய்துபார்த்தவர். ஆனால் நீர்க்கரி மின்சாரம் கடத்தாது, அதையும் பிறகு உலையில் வைத்தே தீர வேண்டும்.

வெப்பநிலை எவ்வளவு கூடினால் நல்லது?

கூடினால் கடத்துதிறன் ஏறும், நைட்ரஜன் இறங்கும். இந்த இழுபறியில் பெரும்பாலான குழுக்கள் வந்து நிற்பது 800–1000 டிகிரிக்குள்.

எவ்வளவு சுட்டாலும் செல்லுலோஸிலிருந்து வந்த கரி ஒழுங்கான கிராஃபைட்டாக மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள். சில கார்பன்கள் சூட்டில் கிராஃபைட்டாகும், சில எத்தனை சுட்டாலும் ஆகாது என்று 1951-ல் பிரித்துக் காட்டியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ.வின் எக்ஸ்-கதிர்ப் படத்துக்காக அறியப்படும் அதே ஃபிராங்க்ளின். மரக்கரி, ஓட்டுக்கரி எல்லாம் இரண்டாவது வகை. இரும்போ நிக்கலோ சேர்த்துச் சுட்டால் 1000 டிகிரிக்குள்ளேயே ஆங்காங்கே கிராஃபைட் அடுக்குகள் உருவாகும். ஆனால் அந்த உலோகத்தை முழுதாக எடுப்பது சிரமம்.

சாதாரண அடுப்புக்கரியை அப்படியே பயன்படுத்தலாமா?

முடியாது. கடத்துதிறன் போதாது, நைட்ரஜன் கிடையாது, சாம்பல் நிறைய.

பரப்பளவு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லதா?

ஓர் அளவு வரைக்கும்தான். 2 நானோமீட்டருக்குக் கீழான நுண்துளைகளில்தான் பரப்பளவும் வினைமையங்களும் (ஆக்சிஜன் ஒட்டி வினை நடக்கும் இடங்களும்) அதிகம். ஆனால் கலத்தில் அந்தத் துளைக்கு ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டும், அயனி போய்ச் சேர வேண்டும், உண்டாகும் நீர் வெளியே வர வேண்டும். நுண்துளை மட்டுமே உள்ள கரி, உட்சந்துகள் ஏராளமாக இருந்தும் பெருஞ்சாலை இல்லாத ஊர் மாதிரி. 2 முதல் 50 நானோமீட்டர் வரையிலான இடைத்துளைகளும், அதைவிடப் பெரிய துளைகளும் கலந்திருந்தால்தான் போக்குவரத்து நடக்கும். 2500 சதுர மீட்டர் கொண்ட கரியை 900 சதுர மீட்டர் கொண்ட கரி தோற்கடிப்பது இதனால்தான்.

நைட்ரஜன் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்?

சதவீதத்தை விட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். வலையின் ஓரத்தில் இரண்டு கார்பனோடு பிணைந்தது பிரிடின் வகை, ஐங்கோண வளையத்தில் இருப்பது பிரோல் வகை, வலையின் நடுவே மூன்று கார்பனோடு பிணைந்தது கிராஃபைட் வகை. மேற்பரப்பில் எந்த அணு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலையில் இவை முறையே 398.5, 400, 401 எலெக்ட்ரான்-வோல்ட்டை ஒட்டித் தெரியும்.

எது உண்மையான வினைமையம் என்று நெடுங்காலம் சண்டை. 2016-ல் சுகுபா பல்கலைக்கழகத்தின் நகமுரா குழு, திட்டமிட்டு உருவாக்கிய கிராஃபைட் மாதிரிகளை வைத்து, பிரிடின் நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கார்பன்தான் என்று வாதிட்டது. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. ஓரங்களும், ஐங்கோணம் போன்ற வலைப் பிழைகளும்கூட நைட்ரஜன் இல்லாமலேயே வேலை செய்கின்றன என்ற வாதமும் வலுவாக இருக்கிறது. கழிவுக் கரியில் இவை அத்தனையும் ஒரே பொருளில் கலந்து கிடப்பதால், பெருமையை ஒன்றுக்கு மட்டும் கொடுப்பது கடினம்.

'உலோகமே இல்லாத வினையூக்கி' என்கிறார்களே, நம்பலாமா?

சந்தேகத்தோடு படியுங்கள். செடி மண்ணிலிருந்து இரும்பு, மாங்கனீசு, செம்பு, துத்தநாகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. சுடும்போது எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஆவியாகிப் போகிறதே, உலோகத்தில் பெரும்பகுதி போவதில்லை. ஆக கரியில் அதன் செறிவு பல மடங்காகிறது. நைட்ரஜனோடு பிணைந்த இரும்பு மிகச் சொற்ப அளவில் இருந்தாலே வினையைத் தூக்கிவிடும். அமிலத்தில் கழுவினால் துகள்கள் கரையும். வலைக்குள் நைட்ரஜனோடு இறுகப் பிணைந்த தனி அணுக்கள் கரையாது. ஒளிமின்னணு நிறமாலையில் இரும்பு தெரியவில்லை என்பதும் ஆதாரமாகாது, அந்தக் கருவியின் கூர்மை அவ்வளவுதான். கரியை முழுதாகச் சாம்பலாக்கிக் கரைத்து, தூண்டப்பட்ட பிளாஸ்மா முறையில் உலோகத்தை அளந்து எண்ணைச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. எந்தத் தனிமத்தைச் சேர்த்தாலும் கிராஃபீன் (கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கு) மேம்படுகிறது என்று கட்டுரைகள் குவிவதைப் பார்த்துச் சலித்த மார்ட்டின் புமேராவின் குழு, 2020-ல் பறவை எச்சத்தைக் கிராஃபீனோடு சேர்த்துச் சுட்டுப் பார்த்தது. வினையூக்கம் மேம்பட்டது! எச்சத்தில் நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் எல்லாமே இருக்கின்றன, மேம்படாமல் என்ன செய்யும்? நையாண்டியாகத்தான் எழுதினார்கள், ஆனால் இந்தத் துறைக்கு நேராக விழுந்த குத்து அது.

இரும்பு இருந்தால் இருக்கட்டும். பிளாட்டினம் இல்லை என்பதே போதுமான லாபம். இருப்பதை இல்லை என்று சொல்வதில்தான் சிக்கல்.

'பிளாட்டினத்தை மிஞ்சியது' என்று வரும் செய்திகள் உண்மையா?

சொன்ன நிபந்தனையில் உண்மையாக இருக்கலாம். நிபந்தனை என்ன என்று பாருங்கள்.

பெரும்பாலான அளவீடுகள் சுழல் வட்டு மின்வாயில், 0.1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நடப்பவை. நிமிடத்துக்கு 1600 சுற்று சுழலும் வட்டில் மெல்லிய பூச்சாக வினையூக்கியைப் பூசி, அரை-அலை மின்னழுத்தத்தை, அதாவது மின்னோட்டம் அதன் உச்சத்தில் பாதியை எட்டும் மின்னழுத்தத்தைப் பார்ப்பார்கள். அது கூடுதலாக இருந்தால் நல்லது. கார்பன் மேல் தூவிய பிளாட்டினத்துக்கு அது, அளவுகோலாக வைக்கும் மீளும் ஹைட்ரஜன் மின்வாயை ஒப்பிட 0.85 வோல்ட்டை ஒட்டி வரும். கழிவுக் கரி 0.86 காட்டினால் 'மிஞ்சியது' என்று தலைப்பு வந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. பிளாட்டினத்தை எவ்வளவு பூசினார்கள், கரியை எவ்வளவு பூசினார்கள்? கரி பல மடங்கு தடிமனாகப் பூசப்பட்டிருப்பது சகஜம். ஒப்பீட்டுக்கு வைத்த பிளாட்டினம் அதன் வழக்கமான திறனைக் காட்டியதா, இல்லை மோசமாகப் பூசப்பட்டதா? சுற்றை முடிக்க வைக்கும் எதிர்முனை மின்வாய் என்ன? அது பிளாட்டினக் கம்பியாக இருந்தால் நெடுநேரச் சோதனையில் பிளாட்டினம் சிறிது கரைந்து வந்து நம் கரியின் மேலேயே படியும். கரி 'போகப் போக மேம்பட்டது' என்று யாராவது எழுதியிருந்தால் முதலில் அங்கே பாருங்கள். கிராஃபைட் தண்டை வைத்தால் தொல்லையே இல்லை.

அதோடு வட்டில் ஓடுவது சதுர சென்டிமீட்டருக்கு 5–6 மில்லியாம்பியர். அதற்கு மேல் கரைசலில் கரைந்த ஆக்சிஜன் போதாது. கலத்திலோ ஆயிரம் மில்லியாம்பியரைத் தாண்டி ஓட வேண்டும். பிளாட்டினம் அடுக்கு சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமனில் முடிந்துவிடும். கரி வினையூக்கியில் மையங்களின் அடர்த்தி குறைவு என்பதால் அடுக்கை 100 மைக்ரோமீட்டர் வரை தடிமனாக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் ஆக்சிஜன் திணறுகிறது, நீர் தேங்குகிறது. வட்டில் வென்ற பல பொருட்கள் கலத்தில் காணாமல் போவது இந்த இடத்தில்தான்.

காரக் கரைசலில் நன்றாக இருப்பது அமிலத்தில் ஏன் சொதப்புகிறது?

பாதிக் காரணம் மின்வேதியியலிலேயே இருக்கிறது. ஆக்சிஜன் முதல் எலெக்ட்ரானை வாங்கிச் சூப்பராக்சைடு ஆவதற்கான மின்னழுத்தம் பி.எச். மாறினாலும் மாறாது. ஆனால் ஒட்டுமொத்த ஆக்சிஜன் ஒடுக்கத்தின் மின்னழுத்தம் ஒரு பி.எச். அலகுக்கு 0.059 வோல்ட் இறங்கும்; பூஜ்யத்திலிருந்து 14-க்குப் போனால் 0.83 வோல்ட். அதனால் காரத்தில் அந்த முதல் படி மிக அருகில் வந்துவிடுகிறது, மேற்பரப்பு ஆக்சிஜனை இறுகப் பிடிக்காவிட்டாலும் காரியம் நடக்கும். அமிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. பற்றாக்குறைக்கு, பிரிடின் நைட்ரஜன் அங்கே புரோட்டானை ஏற்றுக்கொண்டு செயலிழக்கிறது.

அமிலச் சவ்வுக் கலத்துக்குக் கழிவுக் கரி வேண்டுமானால் இரும்பு-நைட்ரஜன் மையங்களை வேண்டுமென்றே உள்ளே வைக்க வேண்டும். உலோகமில்லாத கரியோடு அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எவ்வளவு காலம் தாங்கும்?

இந்தத் துறையின் பலவீனமான இடம் இது. காருக்கான இலக்கு 5000 மணி நேரம், இறுதியாக 8000. இரும்பு-நைட்ரஜன்-கார்பன் வகைகள் அமிலக் கலத்தில் முதல் சில பத்து மணி நேரத்திலேயே கணிசமாகச் சரிவது வழக்கம்.

இரும்பு வலையை விட்டுக் கழன்று வருகிறது. கழன்ற இரும்பு, பாதி வினையில் உண்டான பெராக்சைடோடு சேர்ந்து ஃபென்டன் வினையால் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை (எதையும் தாக்கும் துடிப்பான துணுக்குகளை) உண்டாக்க, அவை கார்பனையும் சவ்வையும் சேர்த்துத் தின்கின்றன. நுண்துளைகளில் நீர் நிறைந்துவிடுவதும் உண்டு. அப்புறம் கார்பனே எரிகிறது: 0.207 வோல்ட்டுக்கு மேல் கார்பன் நீரோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகலாம் என்கிறது வெப்ப இயக்கவியல். வினை மெதுவானது என்பதால் தப்பிக்கிறோம், ஆனால் கலத்தை நிறுத்தித் தொடங்கும்போது மின்னழுத்தம் ஒரு வோல்ட்டைத் தாண்டி எகிறும் நொடிகளில் அந்த வேகம் கூடிவிடும். ஒழுங்கற்ற, ஓரங்கள் நிறைந்த கார்பன்தான் முதலில் எரியும். கழிவுக் கரி நன்றாக வேலை செய்யக் காரணமான அதே ஓரங்கள்.

உண்மையிலேயே மலிவா?

மூலப்பொருள் மலிவு. வினையூக்கி மலிவா என்பது வேறு கேள்வி.

ஒரு கணக்குப் போடுவோம். 100 கிலோ உலர் கழிவிலிருந்து 25 கிலோ கரி வருகிறது என்று வையுங்கள். கரியைப் போல மூன்று மடங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலப்பது சாதாரணம், அதாவது 75 கிலோ. கிளர்வூட்டலில் கரியில் பாதி போகும். கையில் நிற்பது 12 கிலோ சொச்சம். அதற்காக 75 கிலோ காரம், அதை நடுநிலையாக்கும் அமிலம், அலசும் நீர், மணிக்கணக்கில் 800 டிகிரி உலை, இடைவிடாமல் ஓடும் நைட்ரஜன் வாயு, உப்புக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவு. இத்தனைக்கும் நடுவில் கழிவின் விலை பூஜ்யம் என்பது பில்லில் ஒரு வரி மட்டுமே. காரத்தை மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்தாத எந்தத் தயாரிப்பு முறையையும் மலிவு என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கரி வைத்த கலம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பாதித் திறன்தான் தருகிறது என்றால், அதே வாட்டுக்கு இருமடங்கு சவ்வு, இருமடங்கு தகடு, பெரிய பெட்டி. பிளாட்டினத்தில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். கிராமுக்கு என்ன விலை என்று கேட்பதை விட்டு, கிலோவாட்டுக்கு என்ன விலை, எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்டால்தான் விடை பொருள்படும்.

ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கரி கிடைக்குமா?

கிடைக்காது. மண், பருவம், இனம், அறுவடை செய்த வயது எல்லாம் சாம்பலையும் நைட்ரஜனையும் மாற்றும். ஆலையிலிருந்து வரும் லிக்னின், சோயா புரதம், கைட்டின் போன்று ஏற்கனவே பிரித்தெடுக்கப்பட்டவை இந்த விஷயத்தில் தேவலை. இலை, தோல் வகைகள் மோசம்.

ஆனோடில் பயன்படுத்தலாமா?

ஹைட்ரஜனை ஆக்சிஜனேற்ற இந்தக் கரிக்குத் திறன் கிடையாது. பிளாட்டினத் துகள்களைத் தாங்கும் அடித்தளமாக வைக்கலாம். அந்த வேலையை இன்று செய்வதும் ஒரு வகைக் கரிதான்.

அப்படியானால் இது எங்கேதான் பயன்படும்?

நுண்ணுயிர் எரிபொருள் கலம் முதல் இடம். கழிவுநீரில் உள்ள பாக்டீரியா எலெக்ட்ரானைத் தரும், கேத்தோடு காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கும். பி.எச். நடுநிலை, மின்னோட்டம் குறைவு, பெரிய பரப்பு தேவை. இங்கே பிளாட்டினம் பொருளாதாரத்துக்கே ஒத்துவராது, அழுக்கு நீரில் சீக்கிரம் நஞ்சேறியும் போகும். கிளர்வூட்டிய கரியையே கேத்தோடாக வைக்கலாம் என்று புரூஸ் லோகனின் குழு 2009-லேயே காட்டிவிட்டது. நைட்ரஜன் கலந்த கழிவுக் கரி அதை இன்னும் மேம்படுத்தும். கழிவுநீர் நிலையம் தன் கசட்டையே கரியாக்கிக் கொள்வது கேட்கவே பொருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, துத்தநாக-காற்று மின்கலம். காரக் கரைசல், காற்றுக் கேத்தோடு, அதே ஆக்சிஜன் ஒடுக்க வினை. எரிபொருள் கலத்தைவிட இங்கேதான் கழிவுக் கரி முதலில் சந்தைக்கு வரும் என்று நினைக்கிறேன். மீண்டும் மின்னேற்றும் வகை என்றால் கார்பன் ஆக்சிஜனேற்றம் மறுபடி தலைதூக்கும், ஒருமுறை பயன்படுத்தும் வகைக்கு அந்தப் பயமில்லை.

மெத்தனால் எரிபொருள் கலத்திலும் ஒரு சாதகம் இருக்கிறது. சவ்வைக் கடந்து கேத்தோடுக்கு வந்துவிடும் மெத்தனால் அங்குள்ள பிளாட்டினத்தில் வினைபுரிந்து மின்னழுத்தத்தைக் கெடுக்கும். கரி மெத்தனாலைக் கண்டுகொள்வதே இல்லை. புரோட்டானுக்குப் பதில் ஹைட்ராக்சைடு அயனியைக் கடத்தும் எதிரயனிச் சவ்வுக் கலங்கள் முதிர்ந்தால் அங்கேயும் வாய்ப்பு உண்டு. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அந்தச் சவ்வில் கார்பனேட்டை உண்டாக்குவது இன்னும் தீராத தலைவலி.

இதில் ஆய்வு தொடங்குகிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

புதுக் கழிவைத் தேடி அலையாதீர்கள். மற்றவர்கள் திரும்பத் திரும்பச் செய்த ஒன்றை, உதாரணமாகக் கைட்டினையோ லிக்னினையோ எடுத்து, பத்துத் தயாரிப்புகளுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு வருகிறது என்று அளந்து பாருங்கள். உலோக அளவைச் சொல்லுங்கள். வட்டில் நிறுத்தாமல் சிறிய கலம் ஒன்றிலாவது ஓட்டிக் காட்டுங்கள். வட்டைச் சுற்றி வைக்கும் வளைய மின்வாயில் பெராக்சைடு சதவீதத்தை அளந்து, நிலைப்புத்தன்மைச் சோதனைக்குப் பிறகும் அதை மறுபடி அளந்து பாருங்கள். மூலப்பொருளில் தொடங்கி இறுதித் தூள் வரை எத்தனை சதவீதம் மிஞ்சியது என்ற விளைச்சல் எண்ணையும் எழுதுங்கள். கட்டுரைகளில் அதிகம் காணாமல் போகும் எண் அதுதான்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். காற்றில்லாமல் சுடும்போது கார்பன் மோனாக்சைடும் தாரும் வரும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உலையில் உருகிப் பாத்திரத்தையே அரிக்கும். ஆறிய பிறகும் உள்ளே பொட்டாசியம் உலோகம் மிஞ்சியிருந்தால், கழுவ நீர் ஊற்றியதும் தீப்பிடிக்கும். ஆய்வகத்தில்கூட வாயு ஓட்டத்தை நிறுத்தாமல் முழுதாக ஆறவிட்டு, எத்தனால் துளிகளால் மெல்ல நனைத்த பிறகே அமிலத்தைத் தொடுவார்கள்.